கோழி பொரிக்கிறவரின் மனைவி

சஹன் வந்து இறங்கியது. தட்டு நிறைய நெய்ச்சோறு, அதன்மேல் ஆட்டுக்கறி, ஓரமாகத் தால்ச்சாக் கிண்ணம், கத்தரிக்காய்ப் பச்சடி. நெய்யும் பட்டையும் மணக்க ஆவி முகத்தில் அடித்தது. என்னோடு உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் எழுந்து போய்விட்டார்கள். நாலு பேர் சாப்பிட வேண்டிய தட்டுக்கு முன்னால் நான் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் இலை போடுவது கிடையாது. தாம்பாளம் மாதிரி பெரிய தட்டில் சோறு வரும். அதற்குத்தான் சஹன் என்று பெயர். ஒரு சஹனுக்கு நாலு பேர். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன வசதி, எந்தத் தெரு என்றெல்லாம் பார்க்கக் கூடாது. பிஸ்மி சொல்லி ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அதில்தான் பரக்கத், இறைவன் அருள், என்பார்கள். "நாங்கள்லாம் ஒரே தட்டுல சாப்புடுறவங்க" என்று வெளியூர்க்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் சொல்ல மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அது என் கூடப்பிறந்த அக்கா, நூர்ஜஹான் லாத்தாவின் மகள் கல்யாணம். யாரோ எவரோ வீட்டில் நடந்திருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு போயிருப்பேன். சொந்த அக்கா வீட்டுப் பந்தியில் நடந்தது. காரணம் வேறொன்றுமில்லை. என் மாப்பிள்ளை, எங்கள் பேச்சில் புருஷன், ஜபருல்லா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாஸ்ட் புட் கடை வைத்துக் கோழி பொரிக்கிறார். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

இந்தப் பத்திரிகையில் என் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா போன வாரம் திருவாரூரிலிருந்து போன் செய்தார். "தொடரு நல்லாருக்குங்க, ஆனா ஏன் இவ்ளோ கோவமா எழுதுறீங்க?" என்றார். அம்மா, இந்த வாரம் இன்னும் கோபமாகத்தான் இருக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த பக்கம் ராசிபலன் இருக்கிறது.

மானேஜர்

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்போது கல்ஃபில் இருந்தார்கள். சபராளிகள் என்போம். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் அத்தனை பேர் வீட்டுக் கடிதமும் என் கையால்தான் போகும். வருகிற கடிதத்தையும் நான்தான் வாசிப்பேன். எவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்பது அவரவர் உம்மாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் என்று ஊரில் சொல்லிக்கொண்டவர் ஒட்டகக் கொட்டடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கம்பெனி டிரைவர் என்றவர் அரபி வீட்டுப் பிள்ளைகளின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை. கஷ்டப்பட்ட மனுஷர்கள், பாவம்.

எனக்குக் கல்யாணமான மறு மாதமே ஜபருல்லா குவைத்துக்குப் போனார். ஒரு பொரித்த கோழிக் கடையின் அடுப்படியில் வேலை. முதல் கடிதத்திலேயே ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிட்டார். "மாவு பிசறிப் பொரிக்கிற வேலை. ரெண்டு நாளாக் கை எரியுது. ஆனா வேலை பிடிச்சிருக்கு."

லாத்தா கேட்டாள். "மச்சானுக்கு என்னா வேலையாம்?"

"ஹோட்டல்ல மானேஜரு" என்றேன்.

நாக்கு கூசாமல் சொன்னேன். கடிதம் மடியில்தான் இருந்தது.

ஒரே ரொட்டி

இந்த வியாதி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. எங்கள் பெரியவாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; சொல்தா வீடு என்றால் தெருவுக்கே தெரியும். காலையில் பீங்கான் தட்டில் நீள ரொட்டியை வைத்து, வெண்ணெய் தடவி, காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார். நாங்கள் பிள்ளைகள் வாசலில் நின்று வாய் பார்ப்போம். "பிரெஞ்சுச் சாப்பாடு" என்று பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அதே பேக்கரியின் அதே ரொட்டியை முக்கு டீக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் டீயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஒரு நாள் நானும் அங்கே வாங்கித் தின்று பெரியம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். "கூலிக்காரவொ திங்கிறத நீ திம்பியா?" என்று தொடையில் கிள்ளினார். கன்றிப்போய் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

ரொட்டி என்னவோ ஒன்றுதான். தட்டைப் பார்த்து ருசியைத் தீர்மானிக்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

எங்கள் கடை

இருபது வருஷத்துக்கு மேல் அங்கே பொரித்துவிட்டு ஜபருல்லா ஊர் திரும்பினார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன இடம் பிடித்துக் கடை போட்டார். பொரித்த கோழி, பர்கர், உருளைக்கிழங்கு பிரை. மண்டபத்தூரிலிருந்து அஞ்சலை என்கிற மீன்காரம்மா கொண்டுவந்து கொடுக்கிற கொடுவா மீனில் ஒரு பர்கர். கல்லாவில் நான், அடுப்படியில் அவர்.

அவர் பொரிக்கிறதை ஒரு தடவை வந்து பாருங்கள். முதல் நாளே கோழியை மோரிலும் மசாலாவிலும் ஊறப்போடுவார். மாவில் பிரட்டி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மறுபடி மாவில் பிரட்டி உதறுவார். தோல்மேல் மாவு செதில் செதிலாக எழும்பும். எண்ணெயில் போட்டதும் முதலில் இரைச்சல் பெரிதாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கி மெல்லிசாக ஒரு சத்தம் வரும். கடிகாரம் பார்க்க மாட்டார். அந்தச் சத்தம் மாறுகிறதைக் கேட்டு எடுத்துவிடுவார். கடித்தால் மேலே மொறுமொறு, உள்ளே சாறு. எண்ணெயைப் பொழுதுக்குப் பொழுது மாற்றிவிடுவார். சிவப்புக் கலர்ப் பொடி கிடையாது.

எங்கள் கடைக்கு யார் வருகிறார்கள்? மண்டபத்தூரில் படகு வேலை பார்க்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறார்கள். நெரவியிலிருந்து நடவு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பர்கரைப் பாதி பாதியாகச் சாப்பிடுவார்கள். டூட்டி முடிந்த நர்ஸ்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள். யாரையும் நாங்கள் எழுந்திரு என்று சொன்னதில்லை. ஃபேன் காற்றில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

லாத்தா வீட்டில் இதற்குப் பெயர் "கண்டவங்கள்லாம் வந்து திங்கிற எடம்".

சரி, உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். தினமும் தின்றால் நல்லதில்லை. நானே சொல்கிறேன். ஆனால் நோன்பு மாசத்தில் வீட்டுக்கு வீடு வடை மாதிரி இறால் வாடா பொரிக்கிறோமே, அது என்ன வெந்நீரிலா வேகிறது? சமோசா? கல்யாணத்துக் கறியில் ஒரு விரல் உயரத்துக்கு நெய் மிதக்கிறதே, அது கஷாயமா? அதெல்லாம் பாரம்பரியமாம். ஜபருல்லா பொரித்தால் மட்டும் குப்பையாம். லாத்தா வீட்டு பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். பாண்டிச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய உறைந்த கோழி உருண்டை நாலு பாக்கெட் எப்போதும் இருக்கும். அது வெளிநாட்டு ஐட்டம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பொரித்துக் கொடுப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

லாத்தா வந்தாள்

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு முற்பகலில் லாத்தா கடைக்கு வந்தாள். கடை திறந்து இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே உள்ளே வந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"மாப்புள வூட்டுக்காரங்க பிரான்ஸ்லேந்து வர்றாங்க மைமூனு. இந்தப் பக்கத்துல லாட்ஜுலதான் தங்குறாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் நாலு நாளு கடைய மூடிருங்களேன்."

"ஏன் லாத்தா?"

"அவங்க ஒரு மாதிரியான ஆளுங்க. பெரிய எடம். மச்சான் குவைத்துல ஹோட்டலு வெச்சிருந்தாங்கன்னுதான் சொல்லிருக்கேன். யாரும் கேட்டா நீயும் அப்புடியே சொல்லிரு. இப்ப ரெஸ்ட்ல இருக்காங்கன்னு."

மானேஜர் முதலாளியாகிவிட்டார், பாருங்கள். நான் கொடுத்த வேலையிலிருந்து லாத்தா பதவி உயர்வு கொடுத்துவிட்டாள்.

என் வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். அதற்குள் அடுப்படியிலிருந்து ஜபருல்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அதுக்கென்னா லாத்தா, மூடிட்டாப் போச்சு. நம்ம புள்ள கல்யாணந்தானே" என்றார். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. லாத்தாவுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்தாள்.

அவள் போன பிறகு கத்தினேன். "ரோஷமே இல்லையா மச்சான் ஒங்களுக்கு?"

"புள்ளைக்கு நல்லது நடக்கட்டும், விடு" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரான்ஸ் வீட்டு மாமி, அதாவது கல்யாண மாப்பிள்ளையின் பெரியம்மா, கிளம்பும்போது பாரிஸ் விமான நிலையத்தில் எடுத்த போட்டோவை லாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முழங்கை அளவு பர்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். லாத்தா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். "பாருங்க, எவ்ளோ சிம்பிளான மனுஷி" என்றாள். பாரிஸில் தின்றால் சிம்பிள். காரைக்காலில் தின்றால் கண்டவர்கள்.

பந்தியில் நடந்தது

கல்யாணத்தன்று மத்தியானம் பெண்கள் பந்தியில் லாத்தாவே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அந்த மாமிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தேன். மாமியின் நாத்தனார் ஒருத்தி எதிரே, காரைக்காலிலேயே இருக்கிற அவர்கள் சொந்தக்காரி ஒருத்தி அந்தப் பக்கம். சஹன் வந்து இறங்கியது.

"ஒங்க மாப்புள என்னா பண்றாங்க?" மாமி சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பின்னால் நின்ற லாத்தா பதில் சொன்னாள். "குவைத்துல ஹோட்டலு வெச்சிருந்தாங்க மாமி. இப்ப ரெஸ்ட்டு."

உள்ளூர்க்காரி என்னை உற்றுப் பார்த்தாள். "என்னா ஹோட்டலு? பஸ் ஸ்டாண்டுகிட்ட கோழி பொரிக்கிறாங்களே, அவங்கதானே ஒங்க மாப்புள? நீங்க கல்லாவுல நிப்பீங்களே, பாத்துருக்கேனே."

நான் "ஆமா" என்றேன்.

மாமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் தட்டிலிருந்து பின்னால் போனது. "ஓ, பாஸ்ட் புட்டா" என்றார். "நாங்க ரோட்டுக்கடை ஐட்டம்லாம் தொடுறதே இல்ல." தொடச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. எதிரே இருந்தது அவர்கள் சம்பந்தி வீட்டு ஆட்டுக்கறி. "நாத்தனாரே, அங்க நம்மளக் கூப்புடுறாங்க பாருங்க" என்று எழுந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. நாத்தனார் எழுந்தாள். உள்ளூர்க்காரிக்கு என் பக்கத்தில் தனியாக உட்கார என்ன வந்தது, அவளும் எழுந்து போனாள்.

நான் லாத்தாவைப் பார்த்தேன். உலகத்தில் எனக்கு என்று இருக்கிற ஒரே அக்கா. நாலாவது ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது ஆளாக அவள் உட்கார்ந்திருக்கலாம். ஒரு கவளம் எடுத்திருக்கலாம். குனிந்து என் காதில் சொன்னாள்.

"நீ பொறவு சாப்புடு புள்ள. பின்னாடி சமையக்கட்டுப் பக்கம் போயிரு."

அந்தச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அழவில்லை. காது இரண்டும் சுட்டது. ஆண்கள் பந்தியில் ஜபருல்லா இருப்பார், கூப்பிட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று யாரையோ விட்டுத் தேடச் சொன்னேன். அங்கே அவர் இல்லை.

பின்கட்டில் இருந்தார். பண்டாரி, அதாவது தலைமைச் சமையல்காரர், பக்கத்தில் நிற்க, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய சட்டியிலிருந்து கறி அள்ளிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கென்று இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இங்க என்னா பண்றீங்க மச்சான்?"

"லாத்தா மாப்புளதான் சொன்னாங்க. ஒங்களுக்குத்தான் அடுப்பு வேலை தெரியுமே, பந்தியில வந்து என்னா பண்ணப் போறீங்க, சட்டிகிட்ட நில்லுங்கன்னாங்க." லாத்தாவின் புருஷன் சொன்னதைச் சாதாரணமாகச் சொன்னார். "சாப்புட்டியா?"

கரண்டியைப் பிடுங்கிச் சட்டியில் போட்டேன். "வாங்க போவலாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்து வேறொன்றும் கேட்காமல் வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்கூட்டரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தும் நிறுத்தவில்லை. லாத்தாவை, அவள் புருஷனை, அந்த மாமியை, ஊரை, தெருவை, ஒருவர் பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்தேன். "இத்தன வருஷம் நாயா ஒழைச்ச மனுஷனுக்கு ஒரு தட்டுல எடமில்ல. ஒங்க வேலைய மறைக்கச் சொன்னா பாருங்க, அவள்லாம் ஒரு லாத்தாவா? அல்லா கேப்பான்! அவ மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்!"

ஜபருல்லா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். தண்ணீர் குடித்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் பேசினார்.

"லாத்தா நாலு நாளுதான் மறைச்சாங்க மைமூனு. நீ இருவது வருஷம் மறைச்ச."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"ஒவ்வொரு லீவுக்கு வர்றப்பவும் முழுக்கைச் சட்டையா தச்சு வெச்சிருப்ப. கையில எண்ணெ சுட்ட தழும்பு தெரியக் கூடாதுன்னு. சித்திர வெயில்ல ஊரே பனியனோட திரியும், நான் மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டுத் தொழுவப் போவேன். நீ சொல்லல, நானும் கேக்கல. பக்கத்து வூட்டுல ஒக்காந்து மானேஜரு மானேஜருன்னு நீ பேசுறது எனக்கு உள்ள கேக்கும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டுத் திட்டியிருப்பேன்.

"அந்த வேலை எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார். "மொத கடுதாசிலயே எழுதியிருந்தேனே."

எழுதித்தான் இருந்தார். தெருவில் அத்தனை வீட்டுக் கடிதத்தையும் வரி விடாமல் வாசித்துச் சொன்னவள், என் மாப்பிள்ளையின் கடிதத்தில் அந்த ஒரு வரியை வாசித்தும் வாசிக்காதவளாக இருந்துவிட்டேன். மாமி எழுந்து போனதை இன்றுவரை மன்னிக்கவில்லை. லாத்தாவையும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த மத்தியானத்திலிருந்து என் கோபத்தின் பெரும்பங்கு யார்மேல் என்று எனக்கே தெரியும். அதற்கு அடுத்த பக்கத்து ராசிபலனில் பரிகாரம் ஒன்றும் போடுவதில்லை.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, "கடையத் தொறக்கட்டுமா? பொழுது போவலை" என்றார். சாயங்காலமே திறந்தோம். ஊறப்போட்ட கோழி இல்லாததால் முதலில் மீன் பர்கர்தான். ஆள் அனுப்பி அஞ்சலையிடம் மீன் வாங்கிவரச் செய்தோம். கோழிக்கு மோரையும் மசாலாவையும் கலந்து அவசர அவசரமாக ஊறவைத்தார்.

மஃரிபு என்கிற அந்தித் தொழுகை முடிகிற நேரம். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு ஒரு இளம்பெண் வந்தாள். மத்தியானம் கல்யாணத்தில் பார்த்த முகம். அந்த மாமியின் மருமகள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ கத்தின. வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்னும் இரண்டு பர்கர் பார்சல் சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு வந்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க. இத யாரு செய்றது? வெளியூரு குக்கா?"

சட்டென்று வாயில் என்னவோ வேறு பதில் வந்து நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், அப்படித்தான் வரும். அதை விழுங்கினேன்.

"என் மாப்புள" என்றேன். "கோழி பொரிக்கிறதுதான் அவங்க வேல. குவைத்துலயும் அதுதான் செஞ்சாங்க. மானேஜரு இல்ல."

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேனே என்று அவள் கொஞ்சம் விழித்தாள். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் மாவு பிரட்டிய கோழியை எண்ணெயில் போட்டிருந்தார். இரைச்சல் பெரிதாக இருந்தது. அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது, காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.